சங்குமலை என்று ஓர் இடம்

பிராம்லி தோட்டம், மேற்பிரிவு,
வட்டகொடை.
14 ஜனவரி 2024

அன்புத் தங்கச்சி சர்மிளாவுக்கு,

நாளைக்குப் பொங்கல். அம்மாவின் முழங்கால் பழையபடிதான், வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உன் அண்ணி சுலக்ஷனாவுக்குச் சளி விட்டுவிட்டது. கொழும்புப் புழுக்கத்தில் நீ எப்படி இருக்கிறாய்? கடைச் சோற்றையே சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், அம்மாவுக்கோ போனில் பேசுவது காதில் விழுவதில்லை. இனிமேல் கடிதம்தான் என்று அப்பாவின் கருமாதி அன்று நாம் முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. உன் கடிதம் வந்தால் சுலக்ஷனா சத்தமாக வாசிப்பாள், அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து கேட்பார். ஒரே தொல்லை, அது தோட்டத்து ஆபீசுக்குப் போய், பெரிய கிளாக்கரின் மேசையில் படுத்துத் தூங்கி எழுந்துதான் நம் லயத்து வீட்டுக்கு வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொட்டகலை பஜாரில் தூள் அடைத்து விற்கிறேனே, அதற்குப் பெயர் வைத்துவிட்டேன். ‘சங்குமலைத் தேயிலை.’ நம் மேற்பிரிவுக்கு நாம் சொல்லும் பெயரேதான். பெட்டியில் நம் மலை, கொழுந்து அரைத்து இப்போது மூடிக் கிடக்கும் பழைய ஸ்டோர், அதன் கூரையில் வேலைக்கு ஊதி நாம் சின்ன வயதில் கேட்ட அந்தச் சங்கு. முன்னால் கூடையோடு ஒரு பெண். வரைந்தவரிடம் அம்மாவின் பழைய போட்டோவைக் கொடுத்தேன். அச்சில் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

தூள் ரத்தினபுரிப் பக்கத்திலிருந்து வருகிறது. மொத்தமாக எடுக்கிறேன். நம் மலைத் தூளுக்கு வாசம் உண்டு, ஆனால் கடைக்காரருக்கு வேண்டியது நிறம். இது தொழில் ரகசியம், வெளியே விடாதே. கொட்டகலையில் பாவா நானா தன் கடையில் முன்வரிசையில் அடுக்கியிருக்கிறார்.

பெயரைப் பதிவதற்கு ஏஜெண்ட் ஒருவர் மூலம் உன் ஆபீசில்தான் கொடுத்திருக்கிறேன். உனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பொங்கல் பால் பொங்கும்போது உன்னை நினைப்போம்.
அண்ணன் யோகேஸ்வரன்


வெள்ளவத்தை,
2 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். கடைச் சோறு இல்லை, நானே சமைக்கிறேன், பருப்பு மட்டும் அடிக்கடி அடிபிடித்துவிடுகிறது. அம்மாவை ஈரத்தில் நிற்க விடாதீர்கள் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பெட்டிப் படத்தில் அம்மா அழகாக இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றது உங்களுக்குப் பிடிக்காது.

என் வேலை என்னவென்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. வர்த்தகக் குறியில் தமிழ்ச் சொல் இருந்தால் அந்தக் கோப்பு என் மேசைக்கு வரும். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் எழுத வேண்டும், அதைப் பார்த்து மேலே உள்ளவர்கள் முடிவு செய்வார்கள். போன மாதம் சீனிப் பாகுக்கு ‘மலைத்தேன்’ என்று பெயர் கேட்டு ஒருவர் வந்தார். பதியவில்லை. சரக்கில் இல்லாத ஒன்றை இருப்பதாக வாங்குகிறவரை நம்பவைக்கும் பெயரைப் பதிய முடியாது. அதுதான் சட்டம், அது நல்ல சட்டம்தான்.

உங்கள் பெட்டியை வாங்கித் தேத்தண்ணி ஊற்றுகிறவர் என்ன நினைப்பார்? நம் மலைக் கொழுந்து என்றுதானே? ஒன்று, பெயரை மாற்றுங்கள். உங்கள் பெயரையே வையுங்கள், அதற்கு என்ன குறை? இல்லாவிட்டால் சங்குமலைக் கொழுந்தில் செய்த தூளை வாங்கி அடையுங்கள்.

உங்கள் கோப்பை நான் தொடமாட்டேன். விண்ணப்பித்தவர் என் அண்ணன் என்று மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறொருவர் பார்ப்பார்.

கோபப்படாமல் ஒரு தடவை யோசியுங்கள்.
தங்கை சர்மிளா


மேற்பிரிவு,
25 பெப்ரவரி 2024

தங்கச்சி சர்மிளாவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தில் பாதியைத்தான் அம்மாவுக்கு வாசிக்க விட்டேன். பருப்பு அடிபிடித்த வரைக்கும்.

கோபப்படாமல் யோசித்தேன். யோசித்ததும் கோபம் வந்துவிட்டது. எங்கோ சீமையில் இருக்கிற ஓர் ஊரின் பெயரை வெள்ளைக்காரன் கொண்டுவந்து நம் மலைக்கு வைத்தான். அந்தப் பெயரைப் போட்டு உலகமெல்லாம் தேயிலை போகிறது. அந்த ஊரில் ஒரு தேயிலைச் செடி உண்டா? அதை எந்தச் சட்டம் கேட்டது? நான் பிறந்த இடத்தின் பெயரை நான் போட்டால் மட்டும் ஏமாற்று என்கிறாய்.

சங்குமலை எந்த வரைபடத்திலும் இல்லை. அடையாள அட்டையில் இல்லை. நாம் செத்தால் மரணப் பத்திரத்திலும் பிராம்லி என்றுதான் எழுதுவார்கள். அந்தப் பெயர் அச்சில் ஏறியது என் பெட்டியில்தான். அதற்காகவாவது நீ சந்தோஷப்பட்டிருக்கலாம்.

நான் ஸ்டோரில் மூட்டை தூக்கி உன்னைப் படிக்க வைத்ததைச் சொல்லிக்காட்டப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்காக நீ எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
யோகேஸ்வரன்


மேற்பிரிவு,
17 மார்ச் 2024

மவளே சர்மி,

அம்மா பேசுறேன், சுலக்ஷனா எழுதுது. நான் நல்லாத்தான் இருக்கேன். நீ எளச்சுப் போயிட்டன்னு கொழும்புலருந்து வந்த வீரம்மா மவன் சொன்னான். முட்டை வாங்கிச் சாப்புடு.

நம்ம ஸ்டோருக்குப் பின்னால மேட்டு மலை மானாப்புல்லு மூடிக் கெடந்துச்சே, அத கம்பெனிக்காரங்க எங்களுக்குப் பிரிச்சுக் குடுத்திருக்காங்க. நாங்க பொம்பளைங்களே புல்லு வெட்டி, செடியக் கவ்வாத்து வெட்டி, இப்ப கொழுந்து நல்லா வந்திருக்கு. ஒரு சங்கத்துக்காரங்க சின்ன மிசின் ஒண்ணு குடுத்தாங்க, அது வீரம்மா வீட்டுல இருக்கு. அதுல உருட்டி, காயவச்சு, வட்டகொட ஸ்டேசன்ல ரயில்ல வர்ற வெள்ளக்காரங்களுக்கு விக்கிறோம். எந்த எடத்துத் தேயிலைன்னு கேப்பாங்க. சங்குமலைன்னு சொல்லுவோம். அதுங்களும் சொல்லிப் பாக்கும், வாயில வராது.

ஒங்கண்ணன் சொல்றான், அவன் பேர்ல பதிஞ்சுட்டா அந்தப் பேரச் சொல்லி வேற ஆரும் விக்கக் கூடாதாம். நீங்க எங்கிட்டயே குடுங்க, நானே வாங்கிக்கிறேன்ங்கிறான். நல்ல மனசோடதான் சொல்றான். ஒம் மவன் தோட்டத்துத் தொரை ஆயிட்டான்னு வீரம்மா சிரிச்சா. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. அப்பறம் வரல.

ஒன்கிட்ட நான் ஒண்ணும் கேக்கல. சும்மா சொன்னேன்.
அம்மா

சர்மி, இது சுலக்ஷனா. பெட்டியைக் கையில் வைத்துப் பார்த்து, “இது நாந்தான?” என்று அத்தை கேட்டார். உன் அண்ணன் ஆமாம் என்றார். “அப்ப நான் பறிச்சது எங்க?” என்று கேட்டார். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இதை எழுத வேண்டாம் என்று அத்தை சொன்னார். எழுதிவிட்டேன்.


வெள்ளவத்தை,
10 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வருஷத்துக்கு எல்லோருக்கும் என் வாழ்த்து. அம்மாவுக்குச் சேலையும் அண்ணிக்கு ஒரு குடையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

கிடைத்தது. நான்தான் எடுக்கவில்லை. பொய் எழுதிவிட்டு அந்த வரியை அடித்துவிட மனமில்லாமல் அப்படியே விட்டிருக்கிறேன். கொஞ்ச நாளாகத் தலைவலி, தூக்கம் சரியில்லை. வந்தால் அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

உங்கள் கோப்பு யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவரிடம் இருக்கிறது. நல்ல மனிதர். அதற்குமேல் எதுவும் எழுத எனக்கு உரிமை இல்லை.

அம்மாவின் மேட்டு மலையில் கொழுந்து எப்படி இருக்கிறது? அதைப் பற்றி விவரமாக எழுதுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.
சர்மிளா


மேற்பிரிவு,
9 ஜூன் 2024

சர்மிளாவுக்கு,

மழை அடித்துக் கொட்டுகிறது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. பயப்பட ஒன்றுமில்லை.

உன் ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ‘சங்குமலை என்பது ஓர் இடத்தின் பெயர் எனத் தெரிய வருகிறது. சரக்கு அவ்விடத்தில் விளைந்ததல்ல என்றால் இக்குறி வாங்குவோரைத் தவறாக எண்ணச் செய்யும்.’ நம் மலையில்தான் விளைந்தது என்று காட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் விசாரணைக்கு வந்து காரணம் சொல்ல வேண்டுமாம்.

தெரிய வருகிறதாம். யார் தெரிய வைத்தார்கள்? கொழும்பில் எவனுக்குத் தெரியும் சங்குமலை? இங்கிருந்து யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறான். யோசித்துப் பார்த்தால் ஒரே ஆள்தான், பாவா நானா. அவரும் சொந்தமாகத் தூள் அடைக்கிறார். என் பெட்டி வந்த பிறகு அவருடையது போகவில்லை. அப்பாவோடு ஒரே தட்டில் சாப்பிட்ட மனுசன், எனக்குக் குழி பறித்திருக்கிறார்.

நேற்றுப் போய் என் பெட்டிகளையெல்லாம் அவர் கடையிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். என்ன யோகு, என்ன யோகு என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

நீ ஆபீசில் விசாரித்து, சொன்னது யார் என்று மட்டும் எழுது.
யோகேஸ்வரன்


வெள்ளவத்தை,
1 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவுக்குக் கொத்தமல்லி போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். எனக்குத் தலைவலி அப்படியே இருக்கிறது, கண்ணாடி மாற்றச் சொல்கிறார்கள்.

யார் சொன்னது என்று என்னால் எழுத முடியாது. பாவா நானா அப்படிச் செய்கிறவர் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தவர் அவர். தயவுசெய்து அவரிடம் போய்ப் பேசுங்கள்.

விசாரணையில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வேறு பெயர் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும்.
சர்மிளா


மேற்பிரிவு,
27 ஆகஸ்ட் 2024

சர்மிளாவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. நான் கொழும்புக்கு வந்து போனேன். உன் ஆபீஸ் வாசலில் நின்று மேலே பார்த்தேன், எந்த ஜன்னல் உன்னுடையது என்று தெரியவில்லை. உன்னைக் கூப்பிடவில்லை. முகம் கொடுத்துப் பேசும் நிலையில் நான் இல்லை.

ஏஜெண்ட் எனக்குப் பாடம் சொல்லித்தான் கூட்டிப் போனார். வரைபடத்தில் இல்லாத இடம், அதனால் அது வெறும் கற்பனைப் பெயர் என்று சொல்லிவிடுங்கள், அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். உள்ளே இருந்தவர் சிங்களத்தில் கேட்டார். உங்கள் பக்கத்தில் சங்குமலை என்று ஓர் இடம் இருக்கிறதா? நானும் சிங்களத்திலேயே சொன்னேன். இல்லை சேர், அப்படி ஓர் இடமே இல்லை.

என் தொப்புள்கொடியைப் புதைத்த இடம். அப்பாவைப் புதைத்த இடம். இல்லை என்று சொன்னேன். திரும்பக் கேட்டார், திரும்பவும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது சர்மி. ரயிலில் வரும்போது றொசல்ல ஸ்டேசனில் ஒருவர் ஏறினார், எந்த ஊர் என்று கேட்டார். வட்டகொடை என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இத்தனைக்கும் காரணமான மனிதரை எப்படி மன்னிப்பது? பாவா நானாவின் மகள் மின்ஹாவுக்குப் போன வாரம் கல்யாணம். பத்திரிகை வந்தது, நான் போகவில்லை, சுலக்ஷனாவையும் போக விடவில்லை. மறுநாள் அவரே சாப்பாட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் லயத்துக்கு ஏறி வந்தார். வேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்தினேன். “யோகு, கோவம் எங்கூட இருந்தா இருக்கட்டும். சோறு என்ன பண்ணிச்சு?” என்றார். கதவைச் சாத்திவிட்டேன்.
யோகேஸ்வரன்


வெள்ளவத்தை,
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை முழுவதுமாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பருப்பு வரைக்கும் என்று நிறுத்த வேண்டாம்.

பாவா நானா இல்லை. நான்தான் சொன்னேன்.

உங்கள் கோப்பைப் பார்த்த யாழ்ப்பாணத்து அதிகாரி ஹட்டனைத் தாண்டி வந்ததில்லை. ‘சங்கு, மலை, கற்பனைப் பெயர்’ என்று குறிப்பு எழுதிவிட்டார். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. வரைபடத்தைப் பார்த்தார், இல்லை. வேறு எங்கே போய்ப் பார்ப்பார்? அந்தக் குறிப்பு மேலே போயிருந்தால் உங்கள் பெயர் பதிவாகியிருக்கும். என் கையும் சுத்தமாக இருந்திருக்கும். நான்தான் முன்னாலேயே ஒதுங்கிவிட்டேனே.

மார்ச் கடைசியில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து அவராகவே சொன்னார், “உங்கட அண்ணான்ர பேர் நல்ல பேர், பிரச்சினை இல்லை. கற்பனைப் பேர்தானே?” என்று. தலையை ஆட்டினால் போதும். நீங்கள் கேட்டபடி சும்மா இருந்தாலே போதும். அண்ணியின் கடிதம் என் பையில் இருந்தது. அம்மா கேட்ட கேள்வியும் அதில் இருந்தது.

“இல்லை சேர், அது நான் பிறந்த இடம்” என்றேன்.

அதை எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். ரத்தினபுரித் தூளைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது நீங்கள் என்னை நம்பி எழுதியது. சங்குமலை என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் எழுதினேன்.

மூட்டை தூக்கி நீங்கள் படிக்க வைத்த படிப்பால்தான் அதை எழுதினேன். இதை நினைத்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பெயர் உங்கள் ஒருவருக்கு என்று ஆகிவிட்டால், ஸ்டேசனில் நின்று அம்மா என்ன பெயரைச் சொல்லி விற்பார்? ஜூன் மாதமே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். என் பயத்துக்குப் பாவா நானா மழையில் நின்றிருக்கிறார்.

கோபத்தை என்மேல் வையுங்கள். அவரிடம் போங்கள்.
சர்மிளா


வெள்ளவத்தை,
25 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தீபாவளி வருகிறது. எல்லோருக்கும் துணி அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி மாற்றிவிட்டேன், தலைவலி குறைந்திருக்கிறது.

என் கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. பெரிய கிளாக்கரின் மேசையில் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைப்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

என்னைத் திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.
சர்மிளா


15 டிசம்பர் 2024

சர்மிளாவுக்கு,

அம்மாவின் முழங்கால் குளிருக்கு மோசமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மலைக்குப் போகிறார். சுலக்ஷனா சுகம். நீ அனுப்பிய சட்டை எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது. இளைத்திருக்கிறேன் போல.

உன் செப்டம்பர்க் கடிதம் கிடைத்தது. முழுவதும் வாசிக்கப்பட்டது. அம்மா கேட்டு முடித்துவிட்டு எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளினார். “அவ சொல்லாட்டி வேற ஆரு சொல்லுவா?” என்றார். அவ்வளவுதான். எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை.

அன்றைக்கே பாவா நானாவிடம் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. தீபாவளி கழிந்துதான் போனேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். நான் பேச வாயெடுத்தேன், குடி முதலில் என்றார். குடித்தேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. மின்ஹா புருஷனோடு மாவனெல்லைக்குப் போய்விட்டாள். அந்தக் கல்யாணச் சாப்பாடு இனி எனக்குக் கிடைக்காது.

முடிவு வந்துவிட்டது. பதிவு மறுக்கப்பட்டது. அதில் எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன். ‘சங்குமலை என்பது வட்டகொடைக்கு அருகே மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடத்தின் பெயராகும்.’ கிராம சேவகரிடமும் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். அரசாங்கக் காகிதத்தில் அந்தப் பெயரை நான் முதல்முதலாகப் பார்க்கிறேன். என்னைத் தோற்கடித்த காகிதத்தில் பார்க்கிறேன். லயத்தில் எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். வீரம்மாவுக்கு எழுத்து தெரியாது, எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு விரலை வைத்துப் பார்த்தாள்.

ரத்தினபுரித் தூளை இப்போது ‘யோகு டீ’ என்று விற்கிறேன். முன்பு போனதில் பாதிதான் போகிறது. பழைய பெட்டிகளை அம்மாவின் கூட்டம் கேட்கிறது. இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்துவிடுவேன்.

உன்மேல் இருக்கிற கோபம் தீரவில்லை. தீர்ந்தால் சொல்கிறேன். ஆனால் ஒன்று இருக்கிறது. விசாரணையில் நான் சொன்னது காதுக்குள்ளேயே நிற்கிறது. அப்படி ஓர் இடமே இல்லை, சேர். மலையில் ஏறும்போது கேட்கிறது. அப்பாவின் குழிமேட்டைத் தாண்டும்போது கேட்கிறது. அதனால் அந்தக் காகிதத்தின் நகலை வட்டகொடைத் தபாலகத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே தபால் அதிபராக இருக்கும் அம்மா வாசித்துப் பார்த்துவிட்டு, உறையில் அந்தப் பெயரைப் போடச் சொல்லிப் பாருங்கள், தோட்டத்து ஆபீசுக்குப் போகாமல் நேராக உங்களிடம் கொண்டுவரச் சொல்கிறேன் என்றார்.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுது. உறையில் பிராம்லி என்று போடாதே, மேற்பிரிவு என்றும் போடாதே. யோகேஸ்வரன், சங்குமலை, வட்டகொடை. அவ்வளவு போதும். நீ என்ன எழுதினாலும் வாசிக்கிறேன். ஆனால் வந்து சேர வேண்டும் சர்மி. வராமல் போனால், அங்கே நான் சொன்னது உண்மை என்று ஆகிவிடும்.

அண்ணன்
யோகேஸ்வரன்
சங்குமலை